கம்பெனி என்று ஒன்று இல்லை

சில்லு என்பது அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. அண்ணனுடைய கண்ணாடிக் கடைக்கு வேலைக்கு வந்த புதிதில் உள்ளங்கையில் ஒரு சில்லு ஏறிவிட்டது. அதைப் பிடுங்க ஓடிவந்த அண்ணனை, "எடுக்கத் தெரியாதவனுக்கு எவன் கடை வெச்சுக் குடுத்தான்?" என்று அவள் திட்டிய திட்டில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. "சில்லு அக்கா கைக்குள்ள போச்சா, அக்கா வாயிலேருந்து வந்துச்சான்னு எனக்கு இன்னும் வெளங்கல" என்பார் பிரேம்காரர். அலுமினியச் சட்டம் அறுத்துப் பூட்டுகிற அவர்தான் கடையின் மூன்றாவது ஆள்.

கடை என்று யாரும் அதைச் சொல்வதில்லை. கம்பெனி என்றே சொல்வார்கள். சில்லு வீட்டைவிட்டுக் கிளம்பும்போது "கம்பெனிக்குப் போறேன்" என்பாள். அங்கே போய்ப் பார்த்தால் நீளமாக ஒரு கூடம். நடுவில் கம்பளி விரித்த பெரிய மேசை. சுவரோரம் மரத் தாங்கிகளில் சாய்த்து வைத்த கண்ணாடிகள். தரையில் எவ்வளவு பெருக்கினாலும் மிஞ்சுகிற மினுமினுப்பு. செருப்பில்லாமல் அங்கே யாரும் நடக்கக் கூடாது. அது ஒன்றுதான் கம்பெனியின் சட்டம்.

அந்தச் சொல்லைக் கேட்டு வாங்கியவள் சில்லுதான். முதலில் பலகையில் 'நேர்கோடு கண்ணாடி' என்று மட்டும் இருந்தது. "பின்னாடி கம்பெனின்னு போடுண்ணே. இல்லேன்னா மூக்குக்கண்ணாடி கடைன்னு நெனச்சு வர்றாங்க" என்று நச்சரித்தாள். அண்ணன் ஒரு நாள் சட்டையை மடித்து உள்ளே விட்டுக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போனார். சாயங்காலம் முத்திரை குத்திய தாளோடு வந்து, "பதிஞ்சாச்சு. இனிமே நாம கம்பெனி" என்றார். பிரேம்காரர் அன்றைக்கே அதற்கு ஒரு சட்டம் அடித்தார். சில்லு அளவெடுத்துக் கண்ணாடி வெட்டிப் போட்டாள். அது சுவருக்குப் போயிற்று, அவரவர் வேலைக்குப் போனார்கள்.

அதற்குப் பிறகு சில்லு சம்பளம் என்று ஒன்று வாங்கியதில்லை. தேவைப்பட்டபோது கேட்பாள், அண்ணன் கொடுப்பார். கூடக் கேட்டால், "அது கம்பெனிப் பணம்மா. நம்ம இஷ்டத்துக்கு எடுக்கக் கூடாது" என்பார். சில்லுவும் சரி என்று விட்டுவிடுவாள். கம்பெனியில் பாதி தன்னுடையது என்று நினைப்பவள் அதற்கு மேல் என்ன கேட்பாள்?

அண்ணன் போனது ஒரு வேலை நாளில். ஊர்ப் பொது மருத்துவமனைக்குப் பக்கத்தில் புதிதாக எழும்பும் கட்டடம். முழுக்க ஜன்னல் வேலை. இதுவரை அவர்களுக்குக் கிடைத்ததிலேயே பெரிய வேலை அதுதான். மேல்மாடியில் அளவு எடுத்துவிட்டுக் கீழே வந்து, தண்ணீர் குடித்து, "கொஞ்சம் உக்காந்துக்கறேன்" என்று சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்தார். பிரேம்காரர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது மூட்டையோடு சாய்ந்திருந்தார். இதயம் நின்றிருந்தது.

சில்லு அழ வேண்டியதை அழுதாள். பிறகு ஒரு காலையில் முடியை இறுக்கி முடிந்துகொண்டு கம்பெனியைத் திறந்தாள். அண்ணன் எடுத்த அளவுப்படி பிரேம்காரர் செய்யச் சொல்லியிருந்த அந்தக் கட்டடத்துக் கண்ணாடிகள் சுவரோரம் வந்து நின்றன. எல்லாமே டஃபன் கண்ணாடி. அளவாக வெட்டித் துளை போட்ட பிறகு உலையில் சுட்டு உறுதியாக்கிக் கொண்டு வருவது. சுட்ட பிறகு அதில் கட்டர் வைக்க முடியாது. வைத்தால் முழுக் கண்ணாடியும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அந்த ஜன்னல்களுக்கு ஆகாவிட்டால் அவை வேறு எதற்கும் ஆகாது. அண்ணன் கடைசியாக எடுத்த அளவுகள் அப்படியே நின்றுகொண்டிருக்கின்றன என்று சில்லுவுக்குத் தோன்றியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு வண்டியை வரச் சொன்னாள்.

கட்டட வாசலில் எஞ்சினியர் நின்றார். கை குவித்து வருத்தம் சொன்னார். பிறகு வண்டியைப் பார்த்தார்.

"அம்மா, இதை இறக்க வேணாம்."

"ஏன் சார், சாரம் கட்டலையா?"

"சாரமெல்லாம் ரெடி. ஒப்பந்தம் இல்லம்மா இப்ப. உங்க அண்ணன் இறந்துட்டாருல்ல, அதோட அது முடிஞ்சிடுச்சுன்னு தலைமை அலுவலகத்துல சொல்லிட்டாங்க."

சில்லு சிரித்துவிட்டாள். எஞ்சினியருக்கு வேலைப் பளுவில் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள்: "சார், போனது எங்க அண்ணன். கம்பெனி போகலையே. கம்பெனியோடதான ஒப்பந்தம் போட்டீங்க?"

"கம்பெனின்னு ஒண்ணு இல்லம்மா."

"பலகையே இருக்கு சார்! வந்து பாருங்க!"

"பலகை இருக்கும். கம்பெனி இல்ல." அவர் குரலில் கேலி இல்லை. அதுதான் சில்லுவைப் பயமுறுத்தியது. "ஒப்பந்தத்துல இருக்கிறது உங்க அண்ணன் பேரு. 'நேர்கோடு'ங்கிறது அவர் தொழிலுக்கு வெச்சுக்கிட்ட பேரு. நான் வேணும்னு பண்ணலம்மா. யாராவது விவரம் தெரிஞ்சவங்களக் கேளுங்க. சரியான பேப்பரோட சீக்கிரம் வந்தா, புதுசா ஒப்பந்தம் போட நான் பேசறேன். ரொம்ப நாள் ஜன்னலத் திறந்து போட்டு வைக்க முடியாது. வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

வண்டிக்காரர் இறக்காத சுமைக்கும் கூலி கேட்டார். வழியெல்லாம் பின்னால் கண்ணாடிகள் ஒன்றோடொன்று மெல்ல உரசுகிற சத்தம். பிரேம்காரர் மட்டும் ஒரு தடவை வாய் திறந்தார்.

"கம்பெனி இல்லேன்னா, நாம இத்தன வருஷம் எங்கக்கா போய்ட்டு வந்தோம்?"

சில்லு பணம் எடுக்க வங்கிக்குப் போனாள். அங்கேயும் கணக்கை நிறுத்தி வைத்திருந்தார்கள். இறந்தவர் கணக்காம். "கம்பெனி கணக்குங்க அது" என்றாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் பாவமாகப் பார்த்தாள்.

வருடா வருடம் அவர்களுக்கு வரிக்கணக்கு எழுதுகிற பெண்மணி ஒருவர் உண்டு. கணக்கம்மா என்பார்கள். மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறை, ஓயாமல் கடகடக்கும் மின்விசிறி, அது பறக்கடிக்காமல் இருக்கத் தாள்களின் மேல் கல், பூட்டு, உடைந்த கைக்கடிகாரம் என்று கிடைத்ததெல்லாம். சில்லு உள்ளே நுழைந்த வேகத்தில் ஒரு பூட்டு கீழே விழுந்தது.

"மேடம், எங்க கம்பெனி செத்துப்போச்சாம்!"

கணக்கம்மா பூட்டை எடுத்து அதன் இடத்தில் வைத்தார். "உக்காருங்க. உங்களுக்குத் தெரியாதா? உங்க அண்ணன் சொல்லியிருப்பாருன்னுல்ல நெனச்சேன். அவருகிட்ட நான் ஒரு தடவை வெளக்கிச் சொன்னேன். சிரிச்சுக்கிட்டே போயிட்டாரு."

"என்ன தெரியும்? பதிஞ்சோமே! முத்திரை குத்திக் குடுத்தாங்களே!"

"பதிஞ்சது பேரு. கடைக்கு ஒரு பேரு வெச்சு, இந்தப் பேருல தொழில் பண்றது இந்த ஆளுன்னு அரசாங்கத்துகிட்ட சொல்லி வைக்கிறது. அவ்வளவுதான். சட்டை மாதிரி அது. உங்க அண்ணன் போட்டுக்கிட்டிருந்த சட்டை. ஆளு போனதுக்கப்புறம் சட்டை மட்டும் எந்திரிச்சு வேலைக்குப் போகுமா?"

"பேருலயே கம்பெனின்னு இருக்கே?"

"நாம எதைத்தான் கம்பெனிங்கல? டீக்கடையில கூட உக்காந்து பேச ஒரு கம்பெனி வேணும்ங்கறோம். சட்டம் சொல்ற கம்பெனி வேற. அதைப் பதிஞ்சா, புதுசா ஒரு ஆளே பொறந்த மாதிரி. கை கால் கெடையாது. ஆனா சொத்து வாங்கும், கடன் வாங்கும், ஒப்பந்தம் போடும், வழக்குக்குப் போகும். உங்க அண்ணன் செத்தாலும் அது சாகாது. கண்ணாடி விழுந்து யாருக்காவது அடிபட்டா, நஷ்டஈடு பெரும்பாலும் அதுகிட்டதான் கேக்கணும். இப்ப உங்க அண்ணன் கடைக் கண்ணாடி விழுந்திருந்தா, அவர் வீடே போயிருக்கும்."

சில்லுவுக்கு மூன்றாம் மாடி, நான்காம் மாடி என்று காற்றில் ஆடிக்கொண்டு பொருத்திய கண்ணாடிகள் ஒவ்வொன்றாகக் கண் முன் வந்தன. அத்தனையும் அண்ணன் வீட்டின் தலைக்கு மேல்தான் தொங்கிக்கொண்டிருந்தனவா? ஆனால் அதையும் தாண்டி வேறு ஒன்று அவளை உறுத்தியது. கடைசியில் கேட்டுவிட்டாள்.

"அப்ப என் பாதி?"

கணக்கம்மா மின்விசிறியைப் பார்த்தார். "கம்பெனியா இருந்திருந்தா உங்க பேருல பங்கு இருந்திருக்கும். கூட்டுத் தொழில்னு எழுதியிருந்தாலும் ஏதாவது சொல்லலாம். இது ஒத்தை ஆள் தொழில். அதுல பாதிங்கிறதே கெடையாதுங்க. எல்லாம் அவரோடது. இப்ப அவரு மனைவிக்கும் மகளுக்கும்."

"மேசை?"

"அவங்களது."

"அந்தக் கண்ணாடிங்க?"

"அதுவும்."

"நான் யாரு மேடம் அப்ப?"

"சம்பளம் வாங்கியிருந்தா வேலைக்காரின்னாவது..." என்று ஆரம்பித்த கணக்கம்மா, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்ச் செம்பை நகர்த்தினார்.

சில்லு தண்ணீர் குடித்தாள். குடித்ததே தெரியவில்லை. தெருவுக்கு வந்து எந்தப் பக்கம் போகவேண்டும் என்று தெரியாமல், தினமும் நடக்கிற தெருவிலேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

அண்ணியும் அவளும் ஒரே தெருவில் இருந்தும் ஒட்டாதவர்கள். அண்ணி கம்பெனி வாசலை மிதித்ததே கிடையாது. எப்போதாவது சில்லுவைப் பார்த்தால், "உங்க கம்பெனியெல்லாம் எப்படிப் போகுது?" என்பாள். அந்த 'உங்க'வில் இருக்கிற அழுத்தம் சில்லுவுக்குச் சுருக்கென்று தைக்கும். அப்படிப்பட்டவளிடம் போய், எல்லாம் உங்களுடையது என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். மறைக்கலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். மறைத்தால் கண்ணாடிகள் சுவரோரமே நிற்கும்.

அண்ணி சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். சில்லு நிலையில் சாய்ந்துகொண்டு சொன்னாள். எஞ்சினியர் சொன்னது, வங்கி சொன்னது, கணக்கம்மா சொன்னது. பாதி என்று ஒன்று இல்லாதது. எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்து, "எல்லாம் உங்களோடது அண்ணி" என்றாள்.

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணி அதை மூட மறந்து திரும்பினாள்.

"என்னோடதா? என்ன சில்லு வெளையாடறியா? அது உன்னோடதுல்ல?"

"என்னது?"

"உன் கம்பெனிதான அது? உங்க அண்ணன் அதுல வேலை பாக்கறாருன்னுல்ல நான் நெனச்சுக்கிட்டிருந்தேன்!"

இப்போது நிலையைப் பிடித்துக்கொள்ள வேண்டியவள் சில்லுவானாள். "யாரு சொன்னா அப்படி?"

"அவருதான். யாரு சொல்லுவா? இந்தக் கூரை ஒழுகுது, மாத்தணும்னு எத்தன மழைக்குக் கேட்டிருப்பேன்! 'கம்பெனிப் பணம்டி, தங்கச்சிகிட்ட கேக்காம எடுக்க முடியாது'ம்பாரு. மகள் கல்யாணத்துக்கு வளையல் கேட்டேன். அதுக்கும் அதே பாட்டு. உன்ன நான் எப்படியெல்லாம் திட்டியிருக்கேன் தெரியுமா? நல்ல வேளை, உனக்குக் கேட்டிருக்காது."

"எங்கிட்ட ஒரு நாளும் கேட்டதில்லையே அண்ணி! நான் கூடக் கேட்டா, கம்பெனிப் பணம்மா, தொடக் கூடாதுன்னாரு. நீங்கதான் தர விடலன்னு நான் நெனச்சேன்."

இரண்டு பேருக்கும் அப்போதுதான் விளங்கியது. இல்லாத ஒரு கம்பெனிக்குப் பயந்து அண்ணி கூரையை விட்டாள், சில்லு சம்பளத்தை விட்டாள். அந்தப் பணத்தையும் அண்ணன் தின்று தீர்க்கவில்லை. புது மேசை வாங்கினார், கண்ணாடியைக் கவ்வும் ரப்பர் பிடிகள் வாங்கினார், பிரேம்காரருக்கு இயந்திரம் வாங்கினார். ஏய்த்தார் என்றும் சொல்ல முடியாது. மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதர். அதைச் சொல்ல அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறது. அந்த இடத்தில் கம்பெனியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

அண்ணி பாத்திரத் தொட்டி விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டாள். "பாவி மனுஷன்" என்றாள். பிறகு குழாயை மூடினாள். "நான் யோசிக்கணும் சில்லு. நீ போ."

போ என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொண்டே சில்லு வீட்டுக்கு நடந்தாள். விற்றுவிடுவாளோ? கூடத்துக்கு வாடகை வரும், இயந்திரத்துக்கு விலை வரும். கூரை ஒழுகுகிற வீட்டில் இருப்பவள் வேறென்ன செய்வாள்? அவள் இடத்தில் தான் இருந்தாலும் அதைத்தான் செய்வோம் என்று தோன்றியதும் சில்லுவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

மறுநாள் காலையில் கம்பெனி வாசலில் அண்ணி நின்றாள். செருப்பைக் கழற்றப் போனாள்.

"கழட்டாதீங்க!" என்று சில்லுவும் பிரேம்காரரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

அண்ணி மிரண்டுபோய்ச் செருப்போடு உள்ளே வந்தாள். கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். மேசைக் கம்பளியைத் தடவினாள். கண்ணாடிகளுக்கு முன்னால் நின்று, "இதையெல்லாம் வித்தா என்ன வரும்?" என்றாள்.

சில்லு பொய் சொல்லவில்லை. "ஒண்ணும் வராது. அந்தக் கட்டடத்து ஜன்னல்ல வெச்சா வரும். வேற எங்கயும் பொருந்தாது. வெட்டவும் முடியாது."

"பிரேம்காரரே, இவ சொல்றது நெசமா?"

"அம்மா, அக்கா வாயி எப்படியோ, அளவு விஷயத்துல பொய் வராது. வேணும்னா ஒண்ணுல கட்டர் வெச்சுக் காட்டவா? அப்புறம் நீங்கதான் பெருக்கணும்."

"வேணாம்" என்றாள் அண்ணி அவசரமாக. "கெளம்பு சில்லு. அந்த அம்மாவப் பாக்கலாம்."

கணக்கம்மா இரண்டு வழியும் சொன்னார். அண்ணி தன் பெயரில் பழையபடியே ஒரு பெயர்ப் பதிவு செய்துகொள்ளலாம். சுலபம், செலவு குறைவு, எல்லாம் அவளுக்கே. ஆனால் ஏதாவது நடந்தால் அவள் வீட்டில் வந்து நிற்கும். சில்லு வெறும் ஆள். அல்லது கம்பெனியாகவே பதியலாம். செலவு கூடுதல், ஒவ்வொரு வருஷமும் கணக்குக் காட்ட வேண்டும், பங்கு பிரித்து எழுத வேண்டும்.

"அதே பேரு கெடைக்குமா?" என்று சில்லு கேட்டாள்.

கணக்கம்மா கணினியில் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். வேறொரு ஊரில் யாரோ 'நேர்கோடு' என்று கம்பெனியே பதிந்து வைத்திருந்தார்கள், அதுவும் பல வருஷத்துக்கு முன்னாலேயே. சில்லு வாயைப் பிளந்தாள். "எங்க பேரு மேடம் அது!"

"பேரைப் பதிஞ்சு வெச்சா அது நமக்கு மட்டும்னு அர்த்தம் இல்லங்க. அவங்களும் உங்களை மாதிரி நெனச்சு வெச்சதுதான்."

எங்கோ ஓர் ஊரில் அவள் பெயரைப் போட்டுக்கொண்டு முகம் தெரியாதவர்கள் வேலை பார்க்கிறார்கள். ராத்திரியோடு ராத்திரியாகத் தன் வீட்டுக்குள் வேறு குடும்பம் குடியேறியது போல இருந்தது சில்லுவுக்கு. வேறு பெயர்கள் சொன்னாள். 'தெளிவு' இல்லை. 'சாளரம்' இல்லை. 'வெளிச்சம்' கேட்கவே வேண்டாம். கடைசியில் அண்ணி, "வெயில்வாசல்" என்றாள். அது கிடைத்தது.

"கண்ணாடிக்கு வெயில்னா பேரு வைப்பாங்க? வெயில் உள்ள வராத கண்ணாடி கேக்கறவங்கதான் நம்மகிட்ட வர்றாங்க" என்றாள் சில்லு.

"கெடச்ச பேரு. பேசாம இரு." அண்ணி கணக்கம்மா பக்கம் திரும்பினாள். "சரி, கம்பெனியாவே எழுதுங்க."

"பங்கு எப்படி?"

மின்விசிறி கடகடத்தது. சில்லு ஜன்னலைப் பார்த்தாள். அதில் போட்டிருந்த கண்ணாடி ஓரத்தில் கோணலாக வெட்டியிருந்தது. வேறு எந்த நாளாக இருந்தாலும் அதைச் சொல்லாமல் இருந்திருக்க மாட்டாள்.

"மகள்கிட்ட ராத்திரியே பேசிட்டேன். நீ சொல்றதுதாம்மான்னுட்டா" என்றாள் அண்ணி. "பாதி இவளுக்கு. பாதி எனக்கு."

சில்லு திரும்பவில்லை. காதில் விழுந்தது சரிதானா என்று அவளுக்கே சந்தேகம்.

"சரிபாதின்னா கொஞ்சம் யோசிங்க" என்றார் கணக்கம்மா. "ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகலேன்னா ஒரு முடிவும் எடுக்க முடியாது. எல்லாம் அப்படியே நின்னுடும். நீங்க ஒரு பங்காவது கூட வெச்சுக்கிட்டா உங்க பேச்சுதான் எடுபடும்."

"நிக்கட்டும்" என்றாள் அண்ணி. "நாங்க இத்தன வருஷமா நேருக்கு நேர் ஒரு சண்டை போட்டதில்ல. அவரு நடுவுல நின்னுக்கிட்டு ரெண்டு பக்கமும் எதையாவது சொல்லிக்கிட்டிருந்தாரு. இனிமே நேராவே போட்டுக்கறோம்."

கையெழுத்துப் போடும்போது சில்லு மூன்று இடங்களில் பேனாவைத் தப்பான கோட்டில் வைத்தாள். இரண்டு முறை அண்ணிதான் விரலால் இடம் காட்டினாள்.

முத்திரை விழுந்து தாள் கைக்கு வந்த அன்று, படி இறங்கும்போது சில்லுவால் பொறுக்க முடியவில்லை. "அண்ணி, எதுக்குப் பாதி? நீங்க முக்காலே எடுத்திருக்கலாம். நான் ஒண்ணும் கேட்டிருக்க முடியாது."

"எடுத்தா?" அண்ணி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பார்த்துப் பார்த்து இறங்கினாள். "நீ ஒரு மாசம் முறைச்சுக்கிட்டு வருவ. அப்புறம் வேற கடைக்குப் போயிடுவ. அந்தக் கண்ணாடிய நானா மாடி ஏறிப் பொருத்துவேன்? எனக்குக் கூரை மாத்தணும் சில்லு."

சில்லு நின்றுவிட்டாள். பாசத்தில் கொடுத்திருந்தால் வாழ்நாள் முழுக்க எதிரே வரும்போதெல்லாம் குனிய வேண்டியிருக்கும் என்று இத்தனை நாளும் உள்ளுக்குள் குமைந்துகொண்டிருந்தாள். கணக்குப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறாள். அது தெரிந்ததும் எதிர்பாராமல் மூச்சு லேசாயிற்று.

"போன் போடு அந்த எஞ்சினியருக்கு. ஜன்னல் காத்துக்கிட்டு நிக்குது" என்றாள் அண்ணி.

தெருமுனையில் ஓரமாக நின்று சில்லு எண்ணைத் தட்டினாள். ரொம்ப நேரம் அடித்து, பின்னால் சுத்தியல் சத்தத்தோடு அவர் எடுத்தார்.

"யாரு பேசறது?"

சில்லு வாயைத் திறந்தாள். பழைய பெயர் நாக்கின் நுனி வரைக்கும் வந்து நின்றது. அதை விழுங்கினாள். புதியது வரவில்லை. தலைக்குள் வெறும் கூடம்தான் இருந்தது. போனைக் கையால் பொத்திக்கொண்டு அண்ணி பக்கம் திரும்பினாள்.

"அண்ணி! நம்ம பேரு என்ன?"

அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். போனை வாங்கினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். வாழ்க்கையில் ஒரு நாளும் ஓர் அலுவலகத்தோடு பேசியிராத அந்தக் குரல் முதல் எழுத்தில் கொஞ்சம் தட்டுத்தடுமாறி, பிறகு தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி உரக்க வந்தது.

"வெயில்வாசல் கம்பெனிலேருந்து பேசறோம். ஆமா சார், ரெண்டு பேரும்தான்."